கம்பியில்லாத் தொடர்பின் முன்னோடி

காரைக்காலைச் சேர்ந்த கோவில்பத்தில் இருக்கும் ஒருவர், கடல்கடந்த நாட்டில் வாழும் தம் உறவினரோடு கைப்பேசியில் உரையாடுகின்றார். அவர் கையிலுள்ள கருவிக்கும் அண்மையிலுள்ள கோபுரத்திற்கும் இடையே கம்பி ஏதும் இல்லை. கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளே அவர் குரலைச் சுமந்து செல்கின்றன. இவ்வலைகளை ஆராய்ந்து உலகிற்கு வழிகாட்டிய அறிஞருள் ஒருவர் ஜகதீச சந்திர போஸ்.

இவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர் அலுவலர். எனினும் மகனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே மீனவர் மகனும் ஏவலர் மகனும் சிறுவர் போசுடன் ஒரே வரிசையில் அமர்ந்து பயின்றனர். அவர்கள் கூறிய நீர்வாழ் உயிர்களின் கதைகள் அவர் உள்ளத்தில் இயற்கையை அறியும் ஆர்வத்தை விதைத்தன.

கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற போஸ், 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஐரோப்பியருக்கு அளிக்கப்பட்டதைவிடக் குறைந்த ஊதியமே அவருக்கு வழங்கப்பட்டது. தந்தையாரின் கடனோ குடும்பத்தை வருத்திற்று. அந்நிலையிலும் அவர் அவ்வூதியத்தைத் தொட மறுத்தார். பணியை மட்டும் குறைவின்றிச் செய்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் அரசாங்கம் முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கியது.

ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மின்காந்த அலைகள் உண்மையென முன்னரே மெய்ப்பித்திருந்தார். போஸ் மிகக் குறுகிய அலைகளை உண்டாக்க முனைந்தார். கல்லூரியில் தக்க ஆய்வுக்கூடம் இல்லை. தகர வேலைக்காரர் ஒருவரைத் துணைக்கொண்டு தாமே கருவிகளை அமைத்தார். 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளையும் உண்டாக்கினார். அவை ஒரு நொடிக்கு 6,000 கோடி முறை அதிர்பவை. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் அனுப்பிய அலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று, 75 அடி தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. கூடியிருந்தோர் வியப்பில் ஆழ்ந்தனர்.

1899இல் இரும்பும் பாதரசமும் கொண்ட அலையுணர் கருவி ஒன்றை அவர் வெளியிட்டார். 1901இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த செய்தியை ஏற்க மார்க்கோனி பயன்படுத்திய கருவியும் இவ்வகையைச் சார்ந்ததே. தம் ஆய்வால் பொருள் ஈட்டப் போஸ் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1904இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். அதனைக்கொண்டும் செல்வம் தேட முற்படவில்லை.

பின்னர்ச் செடிகொடிகளின் உணர்வை ஆராய்ந்தார். 1917இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1937 நவம்பர் 23ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் ஆராய்ந்த மில்லிமீட்டர் அலைகள் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசித் தொடர்பில் இன்று இடம் பெற்றுள்ளன.

உழைப்பிற்குரிய ஊதியத்தில் குறைவை ஏற்காதவர், அறிவால் வரும் பெருஞ்செல்வத்தை நாடவில்லை. தன்மானமும் தன்னலமின்மையும் ஒருவரிடத்தே ஒருங்கே விளங்குதல் கூடும் என்பதற்குப் போசின் வாழ்வே சான்றாகும்.