உள்ளங்கையால் நீர் வார்த்த மடாதிபதி

பூவாளியைச் சற்று வேகமாகச் சாய்த்தால் போதும், காலையில் தூவிய விதை பாத்தியின் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும். வீட்டில் நாற்று வளர்த்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு துறவிக்கும் இது தெரிந்திருந்தது. மழை பொய்த்த நாட்களில் அவர் பாத்திரத்தில் நீர் சுமந்து வந்து, அதைத் தம் உள்ளங்கையில் ஏந்தி, துளித் துளியாக விதைகளின் மேல் வார்த்தார். மன்னர் மகனுக்குக் கல்வி கற்பித்தவர், ஒரு பெரிய துறவு மடத்தின் தலைவர், இலத்தீன் மொழியில் தேர்ந்த கவிஞர். அவர் பெயர் வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ.

ஸ்ட்ராபோ என்பது குடும்பப் பெயர் அல்ல. மாறுகண் உடையவர் என்பதே அதன் பொருள். இன்றும் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இப்படிப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வதைப் பார்க்கிறோம். வாலாஃப்ரிட் அந்தப் பெயரை மறைக்கவில்லை. தாமே அதை ஏற்றுக்கொண்டார். உலகம் அவரை அந்தக் குறையின் பெயரால்தான் இன்றும் அறிந்திருக்கிறது.

அவர் ஏறக்குறைய 808ஆம் ஆண்டில், இன்றைய தெற்கு ஜெர்மனியின் ஸ்வாபியா பகுதியில், எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே ரைகெனாவ் மடத்தில் சேர்க்கப்பட்டார். கான்ஸ்டன்ஸ் ஏரியின் நடுவே உள்ள சிறு தீவு ரைகெனாவ். புனித பிர்மின் 724ஆம் ஆண்டில் அங்கே இந்தத் துறவு மடத்தை நிறுவினார். புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குப்படி செபமும் படிப்பும் கைத்தொழிலும் அங்கு ஒன்றாகவே நடந்தன.

சிறுவனின் திறமை விரைவில் வெளிப்பட்டது. அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரான வெட்டின் என்னும் துறவி 824ஆம் ஆண்டில் மரணப் படுக்கையில் ஒரு காட்சி கண்டார். விண்ணகமும் நரகமும் உத்தரிக்கும் தலமும் அதில் அடங்கியிருந்தன. வாலாஃப்ரிட் தமது 18 வயதளவில் அதை நெடும் கவிதையாக எழுதினார். மாமன்னர் சார்லமேனே உத்தரிக்கும் தலத்தில் துன்புறுவதாக அதில் வருகிறது. மன்னர் இறந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் மகன்தான் அப்போது ஆட்சியில் இருந்தார். ஆகவே இளங்கவிஞர் மன்னரின் பெயரை வெளிப்படையாக எழுதாமல், வரிகளின் முதல் எழுத்துகளில் மறைத்து வைத்தார்.

பின்பு மேற்படிப்புக்காக ஃபுல்டா மடத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கே புகழ்பெற்ற அறிஞர் ராபானுஸ் மௌருஸ் அவருக்கு ஆசிரியர். ஆனால் ஃபுல்டாவின் குளிர் அவரை வாட்டியது. தம் தீவை நினைத்து ஏங்கி அங்கிருந்தே ஒரு கவிதை எழுதினார். வீட்டை விட்டு விடுதியில் தங்கிப் படித்த யாருக்கும் அந்த ஏக்கம் புரியும்.

829ஆம் ஆண்டில் அவர் ஆகன் நகர அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். பேரரசர் பக்திமான் லூயிஸின் இளைய மகன் சார்லஸுக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சிறுவனுக்கு ஆசிரியராக அவர் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளும் அரச குடும்பம் உடைந்துகொண்டிருந்த ஆண்டுகள். மூத்த மனைவியின் பிள்ளைகள், தங்கள் பங்கு குறைந்துவிடுமோ என்று அஞ்சித் தந்தைக்கு எதிராகக் கிளம்பினார்கள். 830இல் ஒரு கலகம். 833இல் தந்தையையே அரியணையிலிருந்து இறக்கினார்கள். அடுத்த ஆண்டில்தான் அவர் மீண்டும் அரசரானார். பெற்ற பிள்ளைகளே தந்தையைச் சிறை வைத்த இந்த வேதனையை வாலாஃப்ரிட் அருகிலிருந்து பார்த்தார்.

838ஆம் ஆண்டில் பேரரசர் அவரை ரைகெனாவ் மடத்தின் தலைவராக நியமித்தார். ஏங்கிய தீவுக்கே திரும்பினார். அமைதி நீடிக்கவில்லை. 840இல் பேரரசர் இறந்ததும் சகோதரர்களுக்குள் போர் மூண்டது. வாலாஃப்ரிட் மூத்தவரான லோத்தாரின் பக்கம் நின்றார். அந்தப் பகுதியைக் கைப்பற்றியவரோ அவருடைய தம்பி, ஜெர்மானியர் லூயிஸ். ஆகவே மடாதிபதி மடத்தை இழந்து ஸ்பையர் நகருக்குப் போக வேண்டியதாயிற்று. 842ஆம் ஆண்டில்தான் சமாதானமாகித் திரும்ப முடிந்தது.

இப்படிப்பட்ட வாழ்வின் நடுவில்தான் அவருடைய தோட்டம் இருக்கிறது. தோட்டப் பணியைப் பற்றி அவர் எழுதிய கவிதை நூல் 444 வரிகள் கொண்டது. சிறு தோட்டம் என்று பொருள்படும் ஹோர்ட்டுலுஸ் என்பது அதற்கு வழங்கும் பெயர்.

நமக்கு ஆடிப்பட்டம் எப்படியோ, அப்படியே அந்தக் குளிர் நாட்டிற்குப் பனி விலகும் மார்ச் மாதம். வாலாஃப்ரிட்டின் வாசலுக்கு எதிரே கிழக்கு நோக்கி ஒரு சிறு நிலம். குளிர்காலம் முடிந்து பார்த்தால், காஞ்சொறி போலத் தொட்டால் அரிக்கும் களை அதை முழுதும் மூடியிருந்தது. அடியில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அவர் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவில்லை. களைக்கொத்தை எடுத்துக் கட்டியான மண்ணைக் கொத்தினார். வேர்களைப் பிடுங்கினார். அகழெலிகள் தோண்டிய வளைகளை உடைத்தார். தென்றலும் வெயிலும் மண்ணை உலர்த்தக் காத்திருந்தார். பிறகு பாத்திகளைச் சற்று மேடாக எழுப்பி, மண் சரிந்து போகாதபடி நான்கு பக்கமும் பலகை அடைத்தார். இன்று மேட்டுப்பாத்தி என்று நாம் சொல்வது இதுதான். மண்கட்டிகளை வாரியால் உடைத்து, எருவைக் கலந்தார். சில செடிகளுக்கு விதை தூவினார். சிலவற்றைப் பழைய வேரிலிருந்து மீண்டும் தழைக்க வைத்தார்.

நிலமும் ஒன்றும் சிறந்த நிலமல்ல. ஒரு பகுதி கூரையின் கீழ் இருந்ததால் மழை படாது. இன்னொரு பகுதியை உயர்ந்த சுவர் மறைத்ததால் வெயில் விழாது. ஆனாலும் நட்டவை ஏமாற்றவில்லை. வேறிடத்திலிருந்து பாதி வாடிய நிலையில் கொண்டுவந்து நட்ட செடிகள்கூடப் புதுத் தளிர் விட்டன. இவற்றையெல்லாம் பிறர் சொல்லக் கேட்டோ, பழைய நூல்களில் படித்தோ மட்டும் எழுதவில்லை, தாமே உழைத்துச் சோதித்து அறிந்ததாக அவர் கூறுகிறார்.

பின்பு ஒவ்வொரு செடியாக அறிமுகம் செய்கிறார். நமக்குத் தெரிந்த பெருஞ்சீரகம், புதினா, முள்ளங்கி, கசகசாச் செடி, முலாம்பழம், அருவதா எல்லாம் அதில் உண்டு. சிறு விதையிலிருந்து எழுந்து, பற்றுக்கம்பிகளால் தூணைப் பிடித்துக் கூரைவரை ஏறும் சுரைக்கொடியை வியந்து பாடுகிறார். முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கையில் திராட்சை இரசம் ஊற்றி வைப்பார்களாம். புதினா இனத்தைச் சேர்ந்த ஒரு மூலிகையைப் பற்றிச் சொல்லும்போது, தம் நாட்டில் ஒரு மூட்டை இந்திய மிளகுக்கு என்ன மதிப்போ, அதே மதிப்பு இந்திய மருத்துவர்களிடம் அந்த மூலிகைக்கு உண்டு என்று தாம் கேள்விப்பட்டதை எழுதுகிறார். நம் மலைகளில் விளைந்த மிளகின் பெயர் அந்த ஏரித் தீவு வரை எட்டியிருந்தது. அவர் கூறும் மருந்துகள் அக்கால நம்பிக்கையைச் சேர்ந்தவை. அவற்றுள் சில, அளவு மீறினால் நஞ்சாகக்கூடியவை. ஆகவே இன்று மருத்துவரைக் கேளாமல் பின்பற்றக் கூடாது.

அவர் முதலில் வைத்த செடி சேஜ் என்னும் நறுமண மூலிகை. அதன் சிறப்பைச் சொல்லிவிட்டு ஒரு தீமையையும் சொல்கிறார். பக்கத்தில் கிளம்பும் இளந்தளிர்களை அவ்வப்போது நீக்காவிட்டால், அவை பொறாமை கொண்டு தாய்ச் செடியையே அழித்துவிடும் என்கிறார். அதை உள்நாட்டுப் போர் போன்ற துன்பம் என்கிறார். தந்தைக்கு எதிராக வாளெடுத்த அரச பிள்ளைகளின் நிழலை வாசகர் பலர் இங்கே காண்கிறார்கள். அரண்மனையில் அவரால் அந்தப் பகையைத் தடுக்க முடியவில்லை. தோட்டத்தில் அதைக் கவனிக்க முடிந்தது. வேண்டிய நேரத்தில் கத்தரிக்கவும் முடிந்தது.

கடைசிச் செடி ரோஜா. அதனருகே லீலி மலரையும் நிறுத்தி, ரோஜாவில் மறைசாட்சியரின் இரத்தத்தையும் லீலியில் விசுவாசத்தின் தூய்மையையும் காண்கிறார். நூலைப் புனித கால் மடத்தின் தலைவராக விளங்கிய கிரிமால்துக்குக் காணிக்கையாக்கினார். அவர் பழமரத்து நிழலில் அமர்ந்து இதை வாசிக்க, சுற்றிலும் பள்ளிச் சிறுவர்கள் பழம் பொறுக்குவதாகக் கற்பனை செய்து மகிழ்கிறார். கிரிமால்து வேறு யாருமல்ல, வாலாஃப்ரிட்டை மடத்தைவிட்டு விரட்டிய அதே மன்னர் லூயிஸின் அவையில் உயர்பதவி வகித்தவர். அரசியல் பிரித்த இடத்திலும் நட்பு அறுபடவில்லை.

849ஆம் ஆண்டு, அதே மன்னர் வாலாஃப்ரிட்டைத் தம் தூதராக அனுப்பினார். யாரிடம்? முன்பு அவரிடம் எழுத்துப் பயின்ற சிறுவன் சார்லஸிடம். அவர் அப்போது மேற்கு நாட்டின் மன்னர். பகைத்த சகோதரர் இருவருக்கிடையே பேசப் போன அந்தப் பயணத்தில், ஆகஸ்ட் 18ஆம் நாள், லுவார் ஆற்றைக் கடக்கும்போது வாலாஃப்ரிட் நீரில் மூழ்கி இறந்தார். வயது ஏறக்குறைய 40. அவருடைய பழைய ஆசிரியர் ராபானுஸ் மௌருஸ், தம் மாணவருக்காகக் கல்லறைக் கவிதை எழுத நேர்ந்தது.

அந்த மன்னர்கள் போரிட்டுப் பங்கிட்ட எல்லைகள் பலமுறை மாறிப்போயின. தோட்டத்தைப் பற்றிய நூலோ கையெழுத்துப் படிகளில் பிழைத்து, 1510ஆம் ஆண்டில் வியன்னாவில் அச்சேறியது. ரைகெனாவ் தீவு 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே இன்றும் காய்கறி விளைகிறது; மடத்துக் கோயிலருகே வாலாஃப்ரிட்டின் செடிகளைக் கொண்டே ஒரு மூலிகைத் தோட்டமும் இருக்கிறது.

அன்புக்குரியவர்களே, நாட்டில் நடப்பதையும் குடும்பத்தில் நடப்பதையும் எண்ணி நாம் பல வேளை சோர்ந்துவிடுகிறோம். நம்மால் என்ன ஆகும் என்று கைகட்டி நிற்கிறோம். வாலாஃப்ரிட்டாலும் ஓர் அரசைத் திருத்த முடியவில்லை. ஆனால் தம் வாசலுக்கு எதிரே இருந்த நிலத்தை அவர் களைக்கு விட்டுவிடவில்லை. விதைக்கு எவ்வளவு நீர் தாங்கும் என்று அறிந்து, அவ்வளவே வார்த்தார்.

நம் பிள்ளைகளையும், வீட்டு முதியோரையும், மனம் வாடி நம் வாசலுக்கு வருவோரையும் நினைத்துப் பார்ப்போம். நல்ல அறிவுரையேயானாலும் குடத்தோடு கவிழ்த்தால் விதை அடித்துக்கொண்டு போய்விடும். இன்று நம் உள்ளங்கையில் ஏந்திச் செல்ல வேண்டிய சிறிதளவு நீர் யாருக்கு?