கம்பியை முறுக்கிய கிரகாம் பெல்

உங்கள் வீட்டில் 2 கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அண்ணனுடைய கம்ப்யூட்டரில் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. தங்கையின் கம்ப்யூட்டருக்கு அவை வேண்டும். என்ன செய்வது?

வழி எளிது. நெட்வொர்க் வயரின் ஒரு முனையை இதில் செருகவேண்டும். மறு முனையை அதில் செருகவேண்டும். படங்களைப் பகிர்ந்துகொள்ள இரண்டிலும் அனுமதி கொடுத்துவிட்டால், நடுவில் வேறு கருவி எதுவும் இல்லாமலே படங்கள் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த வயரின் மேல் தோலை உரித்துப் பார்த்தால், உள்ளே 8 மெல்லிய செம்புக் கம்பிகள் இருக்கும். மொத்தம் 4 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் கயிறு திரித்தது போல் முறுக்கப்பட்டு இருக்கும்.

எதற்காக இந்த முறுக்கு? இந்த யோசனை யாருடையது?

டெலிபோனைக் கண்டுபிடித்தாரே கிரகாம் பெல், அவருடையதுதான்!

தாயின் நெற்றி

அலெக்சாண்டர் கிரகாம் பெல், ஸ்காட்லாந்து நாட்டில் உள்ள எடின்பரோ நகரில் 1847-ம் ஆண்டு மார்ச் மாதம் 3-ந்தேதி பிறந்தார்.

தந்தை, திருத்தமாகப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். ஒவ்வொரு ஒலியையும் எழுப்ப நாக்கும் உதடும் எப்படி அசைய வேண்டும் என்பதைக் காட்டும் ஓர் எழுத்து முறையை அவர் உருவாக்கி இருந்தார்.

தாய்க்குக் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் குழாய் வைத்து உரக்கப் பேசுவார்கள். பெல் அப்படிச் செய்வதில்லை. தாயின் நெற்றிக்கு அருகே வாயை வைத்து, தாழ்ந்த குரலில் பேசுவார். ஒலியின் அதிர்வு தாய்க்கு எட்டிவிடும்.

ஒலி என்பது ஓர் அதிர்வு. அந்தப் பாடத்தைப் பெல் தாயிடமே படித்தார்.

அடுத்தடுத்து இடி

பெல்லுடன் பிறந்தவர்கள் இருவர். 1867-ல் தம்பி காசநோய்க்குப் பலியானார். 1870-ல் அண்ணனும் அதே நோயில் இறந்தார்.

மிஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் துடித்தார்கள். ஊரை விட்டே புறப்பட்டு, கப்பல் ஏறிக் கனடா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பெல்லின் உடல் தேறியது.

1871-ல் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்களில் மேபல் என்ற பெண்ணும் ஒருத்தி. 5 வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் சக்தியை இழந்தவள். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். பெல் அவளிடம் மனதைப் பறிகொடுத்தார்.

கம்பியில் வந்த குரல்

பகலில் பாடம். இரவில் ஆராய்ச்சி. தந்திக் கம்பியில் கட்டுக் கடகட என்ற ஓசை போகிறதே, மனிதனின் குரலும் போகாதா என்பதே பெல்லின் கேள்வி. மேபலின் தந்தையும் இன்னொரு மாணவனின் தந்தையும் பண உதவி செய்தார்கள். வாட்சன் என்ற இளைஞர் கருவிகளைச் செய்து கொடுத்தார்.

1876-ம் ஆண்டு மார்ச் 7-ந்தேதி பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. 3 நாள் கழித்து, ஓர் அறையில் இருந்த பெல், வேறு அறையில் இருந்த வாட்சனைக் கருவி மூலம் கூப்பிட்டார். குரல் கம்பி வழியே தெளிவாகக் கேட்டது. வாட்சன் ஓடோடி வந்தார்!

அதே ஆண்டு அக்டோபர் 9-ந்தேதி, பாஸ்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே 2 மைல் தூரம் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள்.

அப்போது டெலிபோன் நிலையம் கிடையாது. கடையில் ஒரு கருவி, வீட்டில் ஒரு கருவி, இரண்டையும் இணைக்க ஒரு கம்பி. அவ்வளவுதான். இன்று 2 கம்ப்யூட்டர்களை நேராக இணைப்பது போலவேதான்.

1877 ஜூலை 11-ந்தேதி பெல் மேபலை மணந்து கொண்டார். கம்பெனியில் தமக்கிருந்த பங்குகளில் 10-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் கல்யாணப் பரிசாக மனைவிக்கே கொடுத்துவிட்டார்.

இரைச்சலும் முறுக்கும்

டெலிபோன் பரவியது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது.

முதலில் ஒரே ஒரு கம்பிதான் போட்டார்கள். மின்சாரம் திரும்பி வருவதற்குப் பூமியே வழி. இதனால் பக்கத்துத் தந்திக் கம்பிகளின் ஓசை எல்லாம் டெலிபோனில் புகுந்தது. பேச்சுக்கு நடுவே இரைச்சல்.

பெல் யோசித்தார். ஒன்றுக்கு இரண்டாகக் கம்பி போட்டு, இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால்?

பேச்சு ஒரு கம்பியில் போய், மறு கம்பியில் திரும்பும். வெளியில் இருந்து வரும் இரைச்சலோ இரண்டு கம்பிகளையும் சமமாகத் தாக்கும். தராசின் இரு தட்டுகளிலும் ஒரே எடையை வைத்தால் முள் அசையுமா? அசையாது. அதுபோல இரைச்சலும் இரைச்சலும் சரிக்குச் சரியாகி மறைந்துவிடும். பேச்சு மட்டும் மிஞ்சும்.

1881-ல் இந்த முறுக்குக் கம்பிக்கும் அவர் காப்புரிமை பெற்றார்.

புகழும் குறையும்

புகழோடு வழக்குகளும் வந்தன. பெல் மனுப் போட்ட அதே நாளில், எலிஷா கிரே என்பவரும் டெலிபோன் பற்றி மனுப் போட்டிருந்தார். மொத்தம் சுமார் 600 வழக்குகள்! 1888-ல் சுப்ரீம் கோர்ட்டு பெல்லின் பக்கம் தீர்ப்புக் கூறியது. ஆனாலும் அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. காது கேளாதவர்கள் வாயால் பேசவே பழக வேண்டும், கைச்சைகை மொழி கூடாது என்று பெல் வற்புறுத்தினார். அது தங்களுக்குப் பெரும் தீங்காக முடிந்தது என்று காது கேளாதவர்கள் பலர் வருந்துகிறார்கள்.

ஆனால் உதவி கேட்டு வந்தவர்களை அவர் கைவிட்டதில்லை. 1886-ல் கண்ணும் காதும் இழந்த 6 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தந்தை அவரிடம் அழைத்து வந்தார். பெல் காட்டிய வழியில் அவளுக்கு நல்ல ஆசிரியை கிடைத்தார். அந்தச் சிறுமிதான் உலகப் புகழ் பெற்ற ஹெலன் கெல்லர்.

மௌனமான ஒரு நிமிடம்

1922-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந்தேதி, கனடாவில் உள்ள தம் வீட்டில் பெல் காலமானார். 4-ந்தேதி அடக்கம் நடந்தபோது, அமெரிக்காவிலும் கனடாவிலும் டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாயின. சில மாதங்களில் மேபலும் கணவரைப் பின்தொடர்ந்தார்.

உலகத்துக்கே குரலைக் கொண்டு சேர்த்த கருவி அது. ஆனால் பெல்லின் மனைவியால் மட்டும் அதில் தன் கணவரின் குரலைக் கேட்க முடியவில்லை!

பெல்லின் முறுக்கு இன்றும் வாழ்கிறது. டெலிபோனில் ஒருவர் வாய் மற்றவர் காதோடு இணைய வேண்டும். கம்ப்யூட்டரிலும் அப்படியே. ஒன்று அனுப்பும் ஜோடி, மற்றது வாங்கும் ஜோடியோடு சேர வேண்டும். முன்பு இதற்கென்றே உள்ளே கம்பிகளை மாற்றிக் கட்டிய தனி வயர் வேண்டியிருந்தது. இப்போது வரும் கம்ப்யூட்டர்கள் தாமே மாற்றிக்கொள்கின்றன.

அடுத்த முறை அந்த வயரைக் கையில் எடுக்கும்போது, உள்ளே இருக்கும் முறுக்கை நினைத்துப் பாருங்கள். தாயின் நெற்றியருகே மெல்லப் பேசிய ஒரு பிள்ளையின் நினைவும் கூடவே வரும்.