ஏவுதளத்துக்கும் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்துக்கும் ஒரே பெயர்: யார் இந்த சதீஷ் தவான்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ராக்கெட் புதுசு இல்லை. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. வானம் தெளிவாக இருந்தால் மொட்டை மாடியிலிருந்தே புகைக்கோடு தெரியும். அந்த ஏவுதளத்தின் பெயரில் இருக்கும் சதீஷ் தவான் யார்?

காற்றைப் படித்தவர்

1920 செப்டம்பர் 25-ல் ஸ்ரீநகரில் பிறந்தார். கணிதம், ஆங்கில இலக்கியம், மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் என மூன்றையும் படித்தவர். அமெரிக்காவின் கால்டெக்கில் டாக்டர் பட்டம் முடித்து, 1951-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கே நாட்டின் முதல் சூப்பர்சானிக் காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். மாதிரியை உள்ளே வைத்து, ஒலியை விட வேகமாகக் காற்றைச் செலுத்தி அளக்க வேண்டும். வேகமோ கோணமோ மாறினால் மறுபடியும் முதலிலிருந்து.

தோல்விக்கு முன்னால் நின்றவர்

1972-ல் இஸ்ரோ தலைவரானார். 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்.எல்.வி-3 வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு. திட்ட இயக்குநர் நம்ம ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம். ஆனால் செய்தியாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றது தவான்தான். பழி கீழே போயிருந்தால் அந்த இளம் டீம் அன்றே உடைந்திருக்கும். 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. இந்த முறை பேச கலாமை அனுப்பி வைத்தார்.

கம்ப்யூட்டர் மையத்துக்கு ஏன் அவர் பெயர்?

2002 ஜனவரி 3-ல் தவான் காலமானார். அதே ஆண்டு ஏவுதளத்துக்கு அவர் பெயர் வந்தது. 2011-ல் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 'சாகா-220' இயங்கத் தொடங்கியது. 400 ஜிபியு, 400 சிபியு. அது இருக்கும் மையத்துக்கும் அவர் பெயர்தான்.

இப்படிப்பட்ட கிளஸ்டரில் என்ன நடக்கும்? உதாரணமாக 6 வேகம், 5 கோணம், 4 மூக்கு வடிவம் என்றால் மொத்தம் 120 கேஸ். ஒவ்வொன்றுக்கும் தனி இன்புட் ஃபைல். அதை ஸ்கிரிப்ட்டே எழுதிவிடும். ஷெட்யூலர் என்ற மென்பொருள், காலியாக இருக்கும் நோடுக்கு அடுத்த கேஸை அனுப்பும். ஒன்று முடிய இன்னொன்று காத்திருக்க வேண்டாம்.

ஆனா ஒரு சிக்கல். அடிப்படை செட்டிங் தப்பாக இருந்தால் 120 விடையும் தப்பு, அதுவும் வேகமாக. அதனால் முதலில் ஒரே ஒரு கேஸை ஓட்டி, காற்றுச் சுரங்கத்தில் அளந்த எண்ணோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் பொருந்தினால்தான் மீதி 119 வரிசைக்குப் போகும்.