விடையிலிருந்து விதியைத் தேடியவர்

நிரலை நாம் எழுதுவோம். கணினி விடை தரும். இதையே திருப்பிப் போட்டு, உள்ளீட்டையும் வெளியீட்டையும் மட்டும் காட்டி, நிரலைக் கணினியையே கண்டுபிடிக்கச் சொல்லும் துறை இன்று வளர்ந்து வருகிறது. இரண்டொரு எடுத்துக்காட்டு கொடுத்தால் மீதிக் கட்டங்களைத் தானே நிரப்பும் வசதி எக்செல் 2013இல் வந்தது. கணினி தோன்றும் முன்பே இந்த வேலையை மனத்தால் செய்தவர் கணித மேதை இராமானுஜன்.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த அவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்தில் கார் என்பவர் தொகுத்த நூல் கிடைத்தது. அதில் ஏறக்குறைய 5,000 கணித முடிவுகள்; நிரூபணமோ மிகக் குறைவு. வழிகளை இராமானுஜன் தாமே கண்டறிந்தார். மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1914இல் அவரை இங்கிலாந்து சேர்த்தது.

நான்கு ரப்பர் கன்றுகளைக் குழுக்களாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 விதம். இப்படி 200 வரையுள்ள எண்களுக்கு மக்மஹோன் என்பவர் கையால் கணக்கிட்டுப் பட்டியலிட்டிருந்தார். அதில் 4, 9, 14 என 5ஆல் வகுத்தால் 4 மிஞ்சும் எண்களுக்குரிய விடைகள் 5, 30, 135 என்று 5ஆல் வகுபடுவதை இராமானுஜன் கண்டார். 7, 11 ஆகியவற்றுக்கும் இத்தகைய விதிகளைக் கண்டார். கண்டதோடு நிற்காமல் 5, 7 இரண்டுக்கும் நிரூபணமும் தந்து 1919இல் வெளியிட்டார்.

அந்த மூன்று எண்களின் எல்லா அடுக்குகளுக்கும் விதி பொருந்தும் என்றும் அவர் ஊகித்தார். 1920இல், 32 வயதில் மறைந்தார். 1934இல் குப்தா நீட்டித்த பட்டியலைப் பார்த்த சௌலா, 243ஆம் இடத்து விடை 7இன் மூன்றாம் அடுக்கான 343ஆல் வகுபடவில்லை என்று காட்டினார். 200இல் முடிந்த பட்டியலில் அந்த அடுக்கைச் சோதிக்க ஓர் எடுத்துக்காட்டுகூட இல்லை! பின்னர் 1938இல் வாட்சன் 7க்குரிய விதியைத் திருத்தி நிரூபித்தார்.

எடுத்துக்காட்டிலிருந்து நிரல் காணும் கணினிக்கும் இதே ஆபத்து உண்டு. கொடுத்த எல்லா எடுத்துக்காட்டுக்கும் பொருந்தும் நிரல், கொடுக்காத ஒன்றில் தவறலாம். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங் தோட்டங்களிலும் கணினி பயிலும் மாணவர்களே, விதியைக் கண்டதும் மகிழுங்கள்; அடுத்து அதை உடைக்கக்கூடிய ஓர் எண்ணையும் தேடிப் பாருங்கள்.