எலிசபெத் காரெட் அம்மையார்

ஒரு செயல் இயலும் என்று பலர் வாயாற் கூறுதலினும், ஒருவர் அதனைச் செய்து காட்டுதல் வலியது. நூல்கள் அறிவைத் தரும். ஆசிரியர் நெறியைக் காட்டுவர். ஆயின், இந்நெறியிற் செல்லுதல் எமக்கும் கூடும் என்னும் துணிவை இளம் உள்ளத்தில் விளைப்பது, முன்னே சென்றார் ஒருவரைக் கண்ணாற் காண்டலேயாம். இவ்வுண்மைக்குச் சான்றாக, பெண்ணென வெளிப்பட நின்று இங்கிலாந்தில் மருத்துவத் தகுதி பெற்ற முதல்வராகிய எலிசபெத் காரெட் அம்மையாரது வரலாற்றை, நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் மக்கட்கும் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1836-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ஆம் தேதி, இலண்டன் மாநகரின் ஒயிட்சேப்பல் என்னும் பகுதியிற் பிறந்தனர். தந்தையார் நியூசன் காரெட் என்பவர். அவர் முதலில் அடகுக்கடை நடத்தினர். பின்னர் ஆல்டுபரோ என்னும் கடற்கரையூரிற் குடியேறி, தானியமும் நிலக்கரியும் வாணிகஞ் செய்து, தம் முயற்சியாற் பெருஞ் செல்வராயினர். ஆண்மக்களைப் போலவே பெண்மக்களும் கற்றல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆதலின் மகளாரை இலண்டனை அடுத்த பிளாக்ஹீத் பள்ளிக்கு அனுப்பினர். இரண்டாண்டில் அப்படிப்பு முடிந்தது. அதன்மேற் பெண்கட்குக் கல்வி வாய்ப்பு அக்காலத்து அந்நாட்டில் அரிது. மகளார் வீட்டிலிருந்து இலத்தீன் மொழியும் கணக்கும் தாமே பயின்றும், தம்பி தங்கையர்க்குப் பாடஞ் சொல்லியும் காலங் கழித்தனர். உண்டு உடுத்து மணநாளை எதிர்நோக்கியிருக்கும் வாழ்வு அவர்க்கு மனநிறைவு தந்திலது. எனினும், வேறு செய்யத்தக்கது யாது என்பதும் விளங்கவில்லை.

அந்நிலையில் அவர்க்கு வழிகாட்டியாய் வாய்த்தவர் எலிசபெத் பிளாக்வெல் அம்மையார். அவர் 1821-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பிறந்து, இளமையிலே பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். தந்தையை இழந்தபின் பள்ளி நடத்திக் குடும்பத்தைத் தாங்கியவர். கொடிய நோயால் இறக்குந் தறுவாயிலிருந்த தோழி ஒருத்தி, தன்னைப் பார்த்த மருத்துவர் ஒரு பெண்ணாயிருந்திருப்பின் தன் துன்பம் பாதி குறைந்திருக்கும் என்று வருந்தியதே, அவரை மருத்துவத்திற் செலுத்தியது. பல கல்லூரிகள் அவரை ஏலா என்று மறுத்தன. நியூயார்க் மாகாணத்து ஜினீவா என்னும் ஊரிலிருந்த கல்லூரியார், மாணவரே இதனை முடிவு செய்க என்று விட்டனர். மாணவரோ இஃது ஒரு வேடிக்கை என்றெண்ணி ஒருமுகமாக இசைந்தனர். வேடிக்கையாய்த் திறந்த கதவினுள்ளே சென்ற அவ்வம்மையார், 1849-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் வகுப்பிற்கு முதல்வராய்த் தேறிப் பட்டம் பெற்றனர். அவ்வாண்டிலேயே பாரிஸ் நகரில் நோயுற்ற மகவொன்றைக் கழுவும்போது நோய்நீர் தெறித்து, ஒரு கண்ணின் ஒளியை இழந்தனர். அறுவை மருத்துவராதல் வேண்டும் என்ற விருப்பம் அத்துடன் ஒழிந்தது. மருத்துவத் தொண்டோ ஒழியவில்லை. 1857-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஏழை மகளிர்க்கும் குழந்தைகட்கும் உரிய மருத்துவமனை ஒன்றை நிறுவினர்.

அவ்வம்மையார் 1859-ஆம் ஆண்டில் இலண்டனுக்கு வந்து, மகளிரும் மருத்துவந் தொழிலும் என்பது பற்றிச் சொற்பொழிவாற்றினர். கேட்கச் சென்றவருள் இருபத்திரண்டு வயதினரான காரெட் பெண்மணியும் ஒருவர். அவர் மருத்துவராதலை அன்றுகாறும் உறுதியாக எண்ணினாரல்லர். சொற்பொழிவின் பின் சந்தித்தபோது, இப்பெண் இத்தொழிலையே மேற்கொள்வாள் என்று பிளாக்வெல் தாமே துணிந்து பேசியது, அவர்க்குத் திகைப்பையே தந்தது. ஆயினும், எதிரே நின்ற பெண் பட்டம் பெற்ற மருத்துவர் என்னும் காட்சி அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. ஓராண்டிற்குள் கருத்து முதிர்ந்தது. 1860-ஆம் ஆண்டில் தந்தையிடம் தம் விருப்பத்தை வெளியிட்டனர்.

ஈண்டு நம் சங்கத்துத் தந்தைமார் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். நியூசன் காரெட் அவ்விருப்பத்தைக் கேட்டவுடன் அருவருத்தனர். தாயாரோ குடிக்குப் பழி வந்ததென்று கருதி அழுதனர். ஆயின், மகளின் உறுதியை நன்கு தேர்ந்தறிந்தபின் தந்தையார் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். மாற்றிக்கொண்டதோடு அமையாது, மகளை உடனழைத்துக்கொண்டு இலண்டனின் பெயர்பெற்ற மருத்துவரை நேரிற் சென்று கண்டனர். செவிலித்தொழில் போதாதோ என்று ஒருவர் வினவ, ஆண்டிற்கு இருபது பவுன் பெறுதலினும் ஆயிரம் பவுன் பெறுதலே தமக்கு உவப்பு என்று மகளார் விடையிறுத்தனர். அன்று முதல் தந்தையின் பொருளும் மன உறுதியும் மகளுக்குக் குறைவின்றிக் கிடைத்தன.

அவ்வாண்டிலேயே மிடில்செக்ஸ் மருத்துவமனையிற் செவிலியாய்ச் சேர்ந்து, சிறிது சிறிதாகப் பாடங் கேட்கும் உரிமையும் பெற்றனர். ஒருநாள் மருத்துவர் கேட்ட வினாவுக்கு ஆண் மாணவர் ஒருவரும் விடையறியாது நிற்ப, அம்மையாரே விடை கூறினர். அதன்பின் மாணவர் ஒன்றுகூடி, பெண்ணொருத்தி எம்முடன் பயிலுதல் தகாது என்று எழுதிக் கொடுத்தனர். 1861-ஆம் ஆண்டில் அக்கதவு மூடப்பட்டது. பிற கல்லூரிகளும் சர்வகலாசாலைகளும் மறுத்தன.

எஞ்சி நின்றது அப்பாத்திகரி சங்கம் ஒன்றே. அது மருந்து கூட்டுவோர் சங்கமாயினும், மருத்துவத் தேர்வு நடத்தி உரிமைச்சீட்டு அளிக்கும் அதிகாரம் பெற்றிருந்தது. அதன் சாசனத்தில் பெண்களை விலக்கும் சொல் யாதும் இல்லை. அம்மையார் ஆசிரியரைத் தனித்தனியே அமர்த்திக் குறித்த பாடங்களை யெல்லாம் பயின்றனர். தேர்வுக்காலத்திற் சங்கத்தார் தயங்கவே, தந்தையார் வழக்குத் தொடுப்பதாக அச்சுறுத்தினர். சங்கத்தார் இணங்கினர். 1865-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 28-ஆம் தேதி அம்மையார் தேர்ச்சி பெற்றனர். உடனே சங்கத்தார் தம் விதியைத் திருத்தி, தனியே பயின்றார்க்குத் தேர்வில்லை என்றனர். தாம் நுழைந்த வாயில் தமக்குப் பின்னே அடைக்கப்பட்டமை அம்மையார் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. தாம் ஒருவர் தேறியது போதாது, பின்வருவார்க்கு வழி வேண்டும் என்பதே அவர்தம் எஞ்சிய வாழ்நாளின் நோக்கமாயிற்று.

1866-ஆம் ஆண்டில் இலண்டனின் மேரிலிபோன் பகுதியில் ஏழை மகளிர்க்கென மருந்தகம் ஒன்று திறந்தனர். முதலாண்டிலேயே ஏறக்குறைய 3,000 பேர் அதனை நாடி வந்தனர். 1872-ஆம் ஆண்டில் அது மகளிர் புது மருத்துவமனையாய் வளர்ந்தது. நோயாளரும் பெண்டிர், மருத்துவரும் பெண்டிர். இதற்கிடையே, இங்கிலாந்து மறுத்த பட்டத்தைப் பாரிஸ் சர்வகலாசாலையிற் பிரெஞ்சு மொழியிலேயே தேர்வெழுதி, 1870-ஆம் ஆண்டிற் பெற்றனர். 1871-ஆம் ஆண்டிற் கப்பல் வாணிகராகிய ஆண்டர்சன் என்பவரை மணந்தனர். மணத்தின் பின்னும் தொழிலை விட்டாரல்லர். அவர் ஈன்ற மகளாராகிய லூயிசாவும் மருத்துவராயினர்.

1874-ஆம் ஆண்டில் சோபியா ஜெக்ஸ்-பிளேக் அம்மையாரின் முயற்சியால் இலண்டனில் மகளிர் மருத்துவப் பள்ளி தோன்றியது. காரெட் அம்மையார் அதன் தூண்களுள் ஒருவராய், 1883-ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தலைமை பூண்டு நடத்தினர். அப்பள்ளியின் ஆசிரியருள் பிளாக்வெல் அம்மையாரும் இடம்பெற்றனர். வழிகாட்டியும் வழிச்சென்றாரும் ஒரே கூரையின் கீழ்ப் பணிபுரிந்தமை இன்பந் தருவது. எனினும், இருவர் கருத்தும் எல்லாவற்றினும் ஒன்றாயினவல்ல. சூற்பையை அறுத்தெடுக்கும் சிகிச்சை மிகையாகச் செய்யப்படுகின்றது என்று பிளாக்வெல் கண்டித்தனர். காரெட் அம்மையாரோ வேண்டுமிடத்து அதனைத் தாமே செய்தனர். ஒருவரைப் பின்பற்றுதல் என்பது அவர் துணிவைப் பெறுதலேயன்றி, அவர் கூறியன அனைத்தையும் கண்மூடி ஏற்றலன்று என்பதை மாணவர் இதனால் அறிக. அம்மையார் 1908-ஆம் ஆண்டில் ஆல்டுபரோ நகரத் தலைவராகித் தம் நாட்டில் அப்பதவி பெற்ற முதற் பெண்மணியாய் விளங்கி, 1917-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17-ஆம் தேதி அவ்வூரிலேயே காலஞ்சென்றனர்.

அப்பள்ளியின் ஒளி நம் சென்னை வரை எட்டியது. 1875-ஆம் ஆண்டிற் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்ட நான்கு பெண்களுள் ஒருவராகிய மேரி ஷார்லீப் அம்மையார், இங்குப் பயின்றபின் இலண்டன் மகளிர் பள்ளியிற் சேர்ந்து, 1882-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று மீண்டனர். ஆடவர் முன் வர நாணி நோயோடு மடிந்த மகளிர்க்காக, அவர் முயற்சியால் 1885-ஆம் ஆண்டிற் சென்னையில் எழுந்ததே, மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று வழங்கிய மருத்துவமனை. கஸ்தூரிபா காந்தியார் பெயரால் அஃது இன்றும் திருவல்லிக்கேணியில் நிலவுகின்றது. 1912-ஆம் ஆண்டில் அதே சென்னைக் கல்லூரியிற் பட்டம் பெற்ற புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்க்கும், முதலில் உறுதுணையாய் நின்றவர் தந்தையாரே.

இன்று நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் மகளிர் பெருந்தொகையினராய்ப் பயில்கின்றனர். வாயில் திறந்தே இருக்கின்றது. ஆயினும், செலவு மிகும், ஆண்டு பல செல்லும், மணம் தள்ளிப்போகும் என்று இல்லத்தில் எழும் முதற்சொல்லிற் பல பெண்மக்களின் விருப்பம் கருகுதலை, ஆசிரியராகிய நாம் அறிவோம். முதற்சொல் தவறாயினும் தாழ்வில்லை. நியூசன் காரெட்டின் முதற்சொல்லும் தவறே. அவர்க்குப் புகழ் தந்தது இரண்டாஞ் சொல்.

மற்றொன்று. நம் சமூகத்தில் மருத்துவராய் உயர்ந்த ஆடவரும் மகளிரும் பலர் உளர். அவர்கள் ஆண்டிற்கு ஒருமுறையேனும் நம் சங்கக் கூட்டத்திற்கு வந்து, சிற்றூர்ப் பிள்ளைகளின் எதிரே நின்று, தாம் கற்ற வழியையும் பட்ட இடரையும் சிறுபொழுது எடுத்துரைப்பாராயின், அது பொருளுதவியினும் குறைந்த உதவியன்று. 1859-ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்ததும் அத்தகைய சிறுபொழுதுப் பேச்சே. கேட்டிருப்பாருள் யார் உள்ளத்தில் விதை விழும் என்பதைப் பேசுவார் அறியார். ஆதலின் பேசுதலே கடனாகும்.