கல்லறையில் பெயர் வேண்டாம் என்றவர்: யார் இந்த ஏமி கார்மைக்கேல்?

கொடுமுடியிலிருந்து பஸ் ஏறி ஈரோடு போய்வருபவர்களுக்கு பிரப் ரோடு தெரியாமல் இருக்காது. அங்கே பணியாற்றிய ஆஸ்திரேலிய மிஷனரியின் பெயர் அது. அவர் பெயரிலேயே ஒரு தேவாலயமும் இருக்கிறது. ஊருக்கு உழைத்தவர் பெயரை ரோட்டுக்கு வைப்பது நம்ம வழக்கம்தான். ஆனால், நம் மண்ணில் 55 வருஷம் உழைத்துவிட்டு, கல்லறையில்கூட தன் பெயர் வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர் உண்டு. அவர்தான் திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல்.

வெட்கத்தில் தொடங்கிய கதை

1867 டிசம்பர் 16-ம் தேதி அயர்லாந்தில், வசதியான மாவு மில் குடும்பத்தில் பிறந்தவர் ஏமி. பதின்வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து தம்பிகளோடு வரும்போது, மூட்டை சுமந்து தடுமாறிய ஏழைக் கிழவியைப் பார்க்கிறார். கைகொடுக்கிறார்கள். ஆனால், எதிரே நல்ல உடுப்போடு வரும் சர்ச் ஆட்களைப் பார்த்ததும் ஏமிக்கு முகம் சிவந்துபோகிறது. அப்படி வெட்கப்பட்டோமே என்ற உறுத்தல்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அடுத்து, பெல்பாஸ்ட் மில்களில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் மத்தியில் ஊழியத்தைத் தொடங்கினார்.

டோனாவூரில் என்ன செய்தார்?

1895-ல் இந்தியா வந்தவர், கடைசி வரை ஊர் திரும்பவே இல்லை. தமிழ் கற்றார், சேலை கட்டினார். 1901 மார்ச்சில், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த ஒரு சிறுமி தப்பித்து அவரிடம் வந்து சேர்ந்தாள். அப்படித்தான் டோனாவூர் இல்லம் உருவானது. தேவதாசி முறையைத் தடைசெய்த சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1947-ல்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளுக்கு இந்த இல்லம் என்னவாக இருந்திருக்கும் என்று புரியும்.

யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பதும் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை என்பதும் அங்கே விதி. வெள்ளைக்காரரோ உள்ளூர்க்காரரோ, எல்லாரும் ஒரே குடும்பம்தான்.

பெயர் வேண்டாம் என்றது ஏன்?

பைபிளில் வரும் யோவான் ஸ்நானகன், தன் பின்னால் கூட்டம் திரண்டபோது இயேசுவைச் சுட்டிக்காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டவர். ஊழியம் செய்பவர்களுக்குக் கிறிஸ்தவ மரபு சொல்லும் முன்மாதிரி அது. ஏமியும் அதே வழிதான். மிஷனரிகள் வெற்றிக் கதைகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், 1903-ல் வெளியான தன் புத்தகத்தில் தோல்விகளையும் மறைக்காமல் எழுதினார். அது பலருக்கும் பிடிக்கவில்லை. 1919-ல் பிரிட்டிஷ் அரசு கைசர்-இ-ஹிந்த் விருது அறிவித்தபோது ரொம்பவே தயங்கினார். கடைசியில் ஏற்றுக்கொண்டாலும், விழாவுக்குச் சென்னை போகவில்லை.

குறையே இல்லாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. ரொம்பக் கண்டிப்பானவர், எல்லா முடிவும் தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தவர் என்ற விமர்சனம் உண்டு. பணிவு அவருக்குப் பிறவிக்குணம் அல்ல, தினமும் பழக வேண்டியிருந்த ஒன்று.

கடைசி 20 வருஷம்

1931-ல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன்பிறகு பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையில்தான் வாழ்க்கை. அங்கிருந்தும் எழுதிக்கொண்டே இருந்தார். 1951 ஜனவரி 18-ம் தேதி, 83 வயதில் காலமானார்.

கேட்டுக்கொண்டபடியே கல்லறைக்கல் வைக்கவில்லை. ஆனால், பிள்ளைகளுக்கு மனசு கேட்கலை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை, அவர்கள் கூப்பிட்ட ஒரே சொல்தான் இருக்கிறது: அம்மை.