இரண்டு இலைகளால் பிளந்த குருகுலம்

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் யார் யாரோடு அமர்ந்து சாப்பிடுவது என்று ரவாங்கில் இன்று எந்த மாணவரும் யோசிப்பதில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் ஒரு பள்ளி இதே கேள்வியால் ஆட்டங்கண்டது. அதைத் தொடங்கியவர் வ.வே.சு. ஐயர்.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881ஆம் ஆண்டு திருச்சியை அடுத்த வரகனேரியில் பிறந்தார். 1907இல் சட்டம் படிக்க இலண்டன் சென்றவர், அங்கே சாவர்க்கர் முதலிய புரட்சியாளர்களோடு சேர்ந்தார். ஆங்கிலேய அரசு தேடவே, 1910இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்தார். பாரதியாரும் அரவிந்தரும் வாழ்ந்த அவ்வூரில் பத்து ஆண்டுகள் தங்கினார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவராகவும் விளங்கினார். பின்னர் ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியராக இருந்தபோது சிறை சென்றார். கம்பராமாயணம் பற்றிய ஆங்கில ஆய்வு நூலை அச்சிறையில்தான் எழுதினார்.

விடுதலையான பின் அவர் மனத்தில் நின்றது கல்வி. 1922இல் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். அது திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மாதேவியில் நடந்தது. சமயப் பற்று, தாய்மொழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, நாட்டுப்பற்று ஆகியவற்றை ஒருசேர வளர்ப்பதே நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

சிக்கல் பந்தியில் தொடங்கியது. பிராமண மாணவர் இருவர் தனியே அமர்ந்து உண்ண ஐயர் இசைந்திருந்தார். அவர்களுடைய பெற்றோரின் விருப்பம் அது. சாதி பாராட்டாத ஐயருக்கு, இருவர் தொடர்பான இந்தச் சலுகை சிறிய விஷயமாகத் தோன்றியது. ஆனால், பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் பிறப்பின் பெயரால் தனி இலை போடலாமா என்ற கேள்வி எழுந்தது.

டாக்டர் வரதராஜுலு நாயுடு தமது ‘தமிழ்நாடு’ இதழில் இதைக் கண்டித்தார். காங்கிரஸ் செயலாளராக இருந்த பெரியார் ஈ.வெ. ராமசாமி மீதித் தொகையைத் தர மறுத்தார். காந்தியடிகள் சமரசம் சொன்னார்: இருக்கும் இருவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், இனிமேல் இத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்க்க வேண்டாம். அது இரு தரப்பையும் நிறைவு செய்யவில்லை. 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் குழு, தேசியப் பணியில் ஈடுபட்ட அமைப்புகளில் பிறப்பால் வேற்றுமை கூடாது எனத் தீர்மானித்தது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் குழுவிலிருந்து விலகினர்.

ஐயரும் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கக்கூட அவகாசமில்லை. 1925 ஜூனில் மாணவர்களோடு பாபநாசம் அருவிக்குச் சென்றபோது மகள் சுபத்திரா நீரில் இழுத்துச் செல்லப்பட்டாள். காப்பாற்றக் குதித்த தந்தையையும் அருவி கொண்டு போயிற்று. அப்போது அவருக்கு வயது 44.

குருகுலம் அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புவாரி உரிமைக் கோரிக்கை ஏற்கப்படாததால் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அந்தப் பிரிவுக்கு வழி அமைத்தவற்றுள் சேரன்மாதேவியும் ஒன்று. 1929இல் அவர் மலாயாவுக்கு வந்தபோது, அச்சீர்திருத்தக் குரல் இங்குள்ள தமிழரையும் எட்டியது.

ஐயரின் துணிவையும் தமிழ்ப் புலமையையும் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் நல்லவர் ஒருவர் நல்ல நோக்கத்தோடு நடத்திய பள்ளியிலும், சிலருக்குக் கொடுத்த விலக்கு மற்றவர் மனத்தைப் புண்படுத்தியது. மாணவர்களே, நாளை நீங்கள் ஒரு மன்றத்துக்கோ விடுதிக்கோ பொறுப்பேற்கலாம். இருவருக்கு மட்டும் ஒரு சலுகை தருமுன், அதை மற்றவர் இலையின் முன் அமர்ந்து ஒருமுறை பாருங்கள்.